கடைசியாக வாங்கிய சம்பளம்

பிப்ரவரி 9

அன்புள்ள சித்தெறும்புக்கு,

நலமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுகிறவள் நீ. அதனால் கேட்கவில்லை. இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

"போன் பண்ணா ரெண்டு நிமிஷம், எதுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இங்கே நான் போனை எடுத்ததும் யாராவது கையெழுத்துக்கு வந்து நிற்கிறார்கள். அங்கே உன் மாமியார் படுத்த இடத்திலிருந்தே "யாரு போன்ல?" என்கிறார். நாம் விடுதியில் ஒரே அறையில் இருந்துகொண்டே சண்டை போட்டால் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். அந்தப் புத்தி எங்கே போகும்? வீட்டுக்காரர் இப்போதெல்லாம் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறார். போட்டுவிட்டு ஊரைக் கூட்டிச் சொல்கிறார். நான் கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பு வேறு.

இந்த ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. முதுகுதான் வலிக்கிறது. ஆய்வு என்று எதையும் தொட்டுப் பல மாதம் ஆயிற்று. பட்ஜெட், லிஃப்ட் ரிப்பேர், யாருக்கு எந்த அறை என்ற பஞ்சாயத்து, இவ்வளவுதான் என் பொருளாதாரம்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை, நோயாளி, கணவனின் இடமாற்றம் என்று ஏதோ ஒன்றுக்காக வேலையை விட்ட பெண்கள், திரும்பி வரும்போது என்ன சம்பளத்தில் வருகிறார்கள் என்ற நம் பெரிய ஆய்வு முடியப்போகிறது. "நம்" என்று தெரிந்துதான் எழுதினேன். நீ வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கேன்டீனில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாயே, "ஏன்டி, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சம்பள வித்தியாசம் வேலைக்குள்ள வந்தப்புறம் வருதுன்னே தேடுறோம். திரும்பி வர்றவளுக்கு வாசல்லயே வந்துடுதோ?" அந்த ஒரு கேள்விதான் இன்று முந்நூறு பக்கமாக நிற்கிறது. கம்பெனிகள் "கடைசியாக என்ன சம்பளம் வாங்கினீர்கள்?" என்று கேட்டு, அதன் மேல் கொஞ்சம் போட்டுக் கொடுக்கின்றன. பழைய குறை புதிய வேலையிலும் கூடவே வந்து குடியேறிவிடுகிறது. அந்தக் கேள்வியையே யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் அறிக்கையின் முதல் பரிந்துரை.

முதுநிலை ஆய்வாளர் இடம் இரண்டு காலியாக இருக்கிறது. நீ விண்ணப்பிக்க வேண்டும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன், உன் நேர்காணல் நடக்கும்போது அறையிலேயே இருக்க மாட்டேன். நாளைக்கு எவனும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. நீ உன் தகுதியில் உள்ளே வா. பதினோரு வருஷம் போதும்டி.

உன்
ஒட்டகம்


பிப்ரவரி 21

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

ம்.

பயப்படாதே, இன்னும் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அத்தைக்கு இடுப்பில் மறுபடி வலி. டாக்டர், எக்ஸ்ரே, வரிசை. காத்திருந்த இடத்தில்தான் பிரித்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏதும் கெட்ட சேதியாம்மா?" என்று கேட்கிற அளவுக்கு என் முகம் போயிருக்கிறது. நல்ல செய்தி வந்தால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அவர் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பம்பு மோட்டார் வியாபாரம் இந்த வருஷம் படுத்துவிட்டது. அதனால் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். விழவில்லை. "உனக்கு மனசுக்கு நல்லா இருக்கும்னா போயேன்" என்றார். மனசுக்கு. ஏதோ நான் பாட்டு வகுப்பில் சேரப்போகிறேன் என்பதுபோல. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே பெரிசு. அத்தைதான், "எனக்கு யாரு கஞ்சி குடுப்பா?" என்றார். "பகலுக்கு ஒரு ஆள் வச்சுக்கலாம் அத்தை" என்றேன். "ஆளு வர்றதுக்குள்ள நான் போயிடுவேன்" என்றார். இதையே ஏழெட்டு வருஷமாகச் சொல்கிறார், நல்லபடியாக இருக்கிறார்.

பெரியவள் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் பெற்றோர் தொழில் என்ன என்று கேட்டார்களாம். அப்பாவுக்கு "வியாபாரம்" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு "ஒண்ணும் இல்லை" என்றாளாம். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்றால், "அப்புறம் என்னம்மா சொல்றது?" என்கிறாள். பதினைந்து வயது. குற்றம் சொல்லும் தொனியே இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒட்டகமே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு இந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். இத்தனை வருஷமும் நீ அனுப்பும் அட்டவணைகளைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன் அல்லவா, அத்தை தூங்கும் நேரத்தில் அடுப்படி மேடையில் காகிதத்தைப் பரப்பி நின்றுகொண்டே பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் நான் நானாக இருப்பது. கால் வலிக்கும், தெரியாது. அதற்காகவே உன் பிழைகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நீ கூட்டலில் எப்போதும் மோசம்.

விண்ணப்பத்தில் பதினோரு வருஷத்துக்கு என்ன எழுதுவது? சொல்.

உன்
சித்தெறும்பு


மார்ச் 3

என் அருமைச் சித்தெறும்புக்கு,

ஒன்றும் எழுதாதே. "இடைவெளி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போ. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். இதுவும் நம் ஆய்வில் இருக்கிறது: விளக்கம் கொடுத்தவர்களை விடக் கொடுக்காதவர்களுக்குத்தான் அதிகம் வேலை கிடைத்திருக்கிறது. உலகம் அப்படி.

உன் மகள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, இருந்தால் அது என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? "அம்மா கூட்டத்தில் இருக்கிறாள்" என்றுதான்.

நேர்காணலுக்கு முன் கணக்கு அதிகாரி ஒரு படிவம் தருவார். நீளமாக இருக்கும், யாரும் படிப்பதில்லை. கடகடவென்று நிரப்பிவிட்டு வா. மனுஷர் சிடுசிடுப்பு, நெஞ்சில் ஒன்றுமில்லை. வெளிர் நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்து என் மானத்தை வாங்காதே. அந்தக் கருநீலத்தைக் கட்டு.

களைப்பாக இருக்கிறது. இன்று மட்டும் மூன்று கூட்டம். மூன்றிலும் நான் ஒருத்திதான் பெண். பேசி முடித்ததும், "மேடம் சொன்னதை நான் வேற மாதிரி சொல்றேன்" என்று ஒருவர் அதையே திரும்பச் சொல்கிறார். எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய?

சீக்கிரம் வந்து சேர். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் நீ இருந்தால் மேஜைக்குக் கீழே காலை மிதிக்கவாவது ஆள் இருக்கும்.

ஒட்டகம்


மார்ச் 19

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வராந்தாவில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு தாடிக்காரத் தம்பி. முப்பது வயதுகூட இருக்காது. நான் யாரோ பேராசிரியை, நேர்காணல் செய்ய வந்தவள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான். "நானும் உங்கள மாதிரிதான், உட்காருப்பா" என்றேன். நம் பழைய கட்டுரையைப் படித்திருக்கிறானாம். அதை எழுதியவர்களில் ஒருத்தி நான்தான் என்று தெரிந்ததும் மறுபடியும் எழுந்து நின்றான். நல்ல பிள்ளை. அவன் செய்யும் ஆய்வுக்குப் பழைய தரவுகளைப் பற்றி ஏதோ கேட்க வேண்டும் என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டான்.

என் பெயரைக் கூப்பிட்டதும் கதவைத் திறந்தேன். நீ கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து, என்னைத் தெரியாதவள்போலக் கடந்து வெளியே போனாய். சொன்னபடிதான் செய்தாய், நியாயம்தான். இருந்தாலும் அந்த ஒரு நொடி உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று ஆண்கள், ஒரு பெண்மணி. பெண்மணிதான் கேட்டார், "வீட்டுல வயசானவங்க இருக்காங்கன்னு படிவத்துல போட்டிருக்கீங்க. யார் பாத்துப்பா?" நான் "ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றேன். ஏற்பாடெல்லாம் பண்ணவில்லை, துணிந்து புளுகினேன். அப்புறம் தரவைப் பற்றிக் கேட்டார்கள். ஒட்டகமே, அந்தக் கால் மணி நேரம்! வாய் தானாகப் பேசியது. ஒருவர் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னார், திருத்தினேன். அவர் சிரித்தார். வெளியே வந்தபோது காற்றில் நடப்பதுபோல இருந்தது.

படிவத்தைச் சொல்ல மறந்தேன். நீ சிரிக்கப்போகிறாய். "கடைசியாக வாங்கிய சம்பளம்" என்று ஒரு வரி! உன் அலுவலகத்திலேயே! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொகையை எழுதினேன். கை சும்மா இருக்குமா? கீழே சின்ன எழுத்தில், "இது பதினோரு வருஷத்துக்கு முந்தைய தொகை. இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு" என்று எழுதி, எந்த விலைவாசிக் குறியீடு, எந்த அடிப்படை ஆண்டு என்பதையும் போட்டேன். கணக்கு அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கம்மா. இது பரீட்சை இல்ல" என்று சொல்லி என் அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பரீட்சையில்கூட இப்படி அடி வாங்கியதில்லை.

முதலில் அந்தப் படிவத்தை மாற்று தாயே.

சித்தெறும்பு


மார்ச் 30

சித்தெறும்பே!

கிடைத்துவிட்டது! ஆணை இரண்டொரு நாளில் தபாலில் வரும். நான் வெளியே இருந்ததால் எதுவும் தெரியாது. முடிவுத்தாள் மேஜைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். நான்கு பேரும் உனக்குத்தான் முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது அந்தத் தாடிக்காரன். கையெழுத்துப் போட வந்த கோப்புகளின் குவியலில் உன் ஆணையும் இருந்தது. பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போனேன், அது கழிவறைக் குழாய் மாற்றுவது பற்றியது.

உன் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். உதவியாளர் எட்டிப் பார்த்தார். படிவம் பழையது, நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மாற்ற வேண்டியவை பட்டியலில் அதுவும் ஒன்று. பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, நான்தான் குட்டையாகிக்கொண்டு வருகிறேன்.

மே முதல் வாரத்தில் சேரலாம். மகளிடம் சொல், அடுத்த முறை பள்ளியில் கேட்டால் "முதுநிலை ஆய்வாளர்" என்று சொல்லச் சொல்.

முத்தங்களுடன்
ஒட்டகம்


ஏப்ரல் 7

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

ஆணை வந்தது. அன்று வீட்டில் நல்ல சந்தோஷம். சின்னவன் உறையை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக ஓடினான். அத்தைகூட, "போயிட்டு வா, போயிட்டு வா" என்றார், ஏதோ நான் அந்த நிமிஷமே கிளம்புவதுபோல.

நான் சம்பளத்தைப் பார்க்கவில்லை. முதலில் பெயரைப் பார்த்தேன், பதவியைப் பார்த்தேன். சம்பளத்தைப் பார்த்தவர் அவர்தான். "இது மாசத்துக்கா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, அதன் மேல் கால் பங்கு. அவ்வளவுதான். தட்டச்சுப் பிழை என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு அந்தத் தாடிக்காரத் தம்பி போன் செய்தான். தரவைப் பற்றி நிறையக் கேட்டான். சொன்னேன். பேச்சுவாக்கில், "ஆர்டர் வந்துச்சா மேடம்? எனக்குப் பழைய சம்பளத்து மேல கால் பங்கு போட்டிருக்காங்க, பரவால்ல" என்றான். எவ்வளவு என்றும் சொன்னான். என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதே கணக்குதான் போட்டிருக்கிறார்கள். அவனுடைய கடைசிச் சம்பளம் போன மாதச் சம்பளம். என்னுடையது என் மகன் பிறப்பதற்கு முந்தையது.

அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. "உங்களுக்கு மேடம்?" என்று கேட்டான். "இன்னும் பிரிச்சுப் பாக்கலப்பா" என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஏன் எனக்கு வெட்கம் வந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

ஒரே பதவி, ஒரே நாளில் சேருகிறோம், முதல் இடம் எனக்கு. அறிக்கையை எழுதியது நீ, முதல் பரிந்துரை உன்னுடையது. இதைச் சரிசெய்துவிடேன். தோழி என்பதற்காகக் கேட்கவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், தோழி என்பதால்தான் இவ்வளவு கூச்சமில்லாமல் கேட்கிறேன்.

சித்தெறும்பு


ஏப்ரல் 18

அன்புள்ள சித்தெறும்புக்கு,

உன் கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவைத்து எடுத்தேன். உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

நீ சொல்வது முழுக்கச் சரி. ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். கையெழுத்துப் போடும்போது தொகையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கு அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசினேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். நீங்க அறையில கூட இல்லையே, பாரபட்சம்னு யாரும் சொல்ல முடியாதபடி பண்ணியிருக்கோம்" என்றார், என்னைப் பாராட்டுவதுபோல. நான் வெளியே போனதை நேர்மை என்று நினைத்தேன். அந்த அறையில் அந்த விதியை "எதற்கு?" என்று கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறேன்.

மாற்ற வேண்டுமானால் நான் நிர்வாகக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதினால் முதல் கேள்வி, "இந்த அம்மா உங்களுக்கு யார்?" என்பதுதான். பழைய கட்டுரையில் நம் இரண்டு பேர் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. இந்த நாற்காலிக்கு முதன்முதலாக வந்த பெண் நான். வந்த வருஷமே தோழிக்குச் சம்பளம் கூட்டினாள் என்று கிளப்பிவிடுவார்கள். அதற்கு அப்புறம் நான் எந்தப் பெண்ணுக்காகப் பேசினாலும் அதே பல்லவிதான்.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் இருந்த இயக்குநரை விட எனக்குச் சம்பளம் குறைவு. அவருடைய ஓய்வூதியக் கோப்பு கையெழுத்துக்கு வந்தபோது தெரிந்தது. நான் கேட்கவில்லை. கோப்பை மூடிவிட்டு டீ சொன்னேன். கேட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள். முப்பது கம்பெனிகளின் சம்பளப் பட்டியலைக் கிழித்துத் தொங்கவிட்டவள், என் பட்டியலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சலித்துவிட்டதடி. சண்டை போடும் இடத்தை எல்லாம் எண்ணிப் பார்த்தால் தூக்கம்தான் வருகிறது.

அதனால் சொல்கிறேன், முதலில் உள்ளே வந்துவிடு. ஒரு வருஷம் போகட்டும், ஏதாவது வழி செய்கிறேன். உனக்கென்ன, வீட்டுக்காரர் வருமானம் இருக்கிறது, ஒரு வருஷம் சமாளித்துக்கொள்ளலாம்.

உன்
ஒட்டகம்


ஏப்ரல் 24

ஒட்டகத்துக்கு,

உன் முதுகு, உன் சலிப்பு, உன் சம்பளம் எல்லாவற்றுக்காகவும் மனசு கஷ்டப்பட்டது. நிஜமாகத்தான். கடைசிப் பத்திக்கு வரும்வரை.

"வீட்டுக்காரர் வருமானம் இருக்கிறது." எத்தனை முதலாளிகள் நம்மிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? முதல் ஆய்வுக்குப் போனபோது அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி மேலாளர், "அவங்களுக்கென்னம்மா, புருஷன் சம்பாதிக்கிறாரு, இது கைச்செலவுக்குத்தானே" என்று சொன்னதும் நீ பேனாவை மூடிவிட்டாய். வெளியே வந்து தெருவில் நின்று கத்தினாய். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏற்றினேன். அந்த வரியை நீயே எனக்கு எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

என் வீட்டிலும் அதே பேச்சுதான். "விடு, உன் கைச்செலவுக்கு ஆச்சு" என்றார் அவர், என்னைத் தேற்றுவதற்காக. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கிறது. அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் பம்பு விற்கிறவர். உன்னிடம் வருகிறது. சொல்லாமல் இருந்தால் அழுகிப்போகும், அதனால் சொல்கிறேன்.

கணக்குக்கும் வருகிறேன். அத்தைக்குப் பகல் ஆள் வைத்தால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அவளுக்குப் போகும். அதைக் குறைத்துக் கொடு என்று இவர் சொல்கிறார். அந்தப் பெண்ணிடம் போய், "உன் கடைசிச் சம்பளம் என்ன?" என்று நான் கேட்க வேண்டுமாம். இந்தச் சங்கிலியை எங்கேயாவது யாராவது நிறுத்த வேண்டாமா?

ஒரு வருஷம் கழித்து நீ செய்ய மாட்டாய். உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இன்று முடியாதது அன்று மட்டும் எப்படி முடியும்? அன்றும் நான் உன் தோழிதான், அன்றும் அவர்கள் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

ஒரு பக்கக் குறிப்பு எழுது. அவ்வளவுதான் நான் கேட்பது. எனக்காக வேண்டாம், "பதவிக்குச் சம்பளம், பழைய சம்பளத்துக்கு அல்ல" என்று பொதுவாக எழுது. தோழி என்று எவனாவது சொன்னால், ஆமாம், தோழிதான், அதற்கென்ன என்று சொல். குழு மறுத்துவிட்டால் மறுத்துவிட்டுப் போகட்டும். நீ எழுதினாய் என்பது எனக்குப் போதும். அந்தச் சம்பளத்துக்கே சந்தோஷமாக வருவேன். சத்தியமாக வருவேன்.

சேர வேண்டிய தேதிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. உன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தெறும்பு


ஏப்ரல் 29

அன்புள்ள சித்தெறும்புக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அறிக்கை வெளியீடு அடுத்த வாரம் என்று முடிவாகிவிட்டது. அமைச்சர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். இந்த நேரத்தில் நம் நிறுவனத்துச் சம்பளத்தை நானே கிளறினால் அறிக்கையே அடிபட்டுப்போகும். "முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்" என்று ஒரு தலைப்புப் போதும், இத்தனை வருஷ உழைப்பு மண். கேள்வியைத் தொடங்கிவைத்தவள் நீ, அது வீணாகப் போக விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். குறிப்பை இப்போது எழுத முடியாதடி. வெளியீடு முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்.

வீட்டுக்காரர் வருமானம் என்று எழுதியது தப்பு. களைப்பில் வந்துவிட்டது. மன்னித்துவிடு.

நான்காம் அத்தியாயத்தின் அட்டவணைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் வழக்கம்போல ஒரு தடவை பார்த்து அனுப்புகிறாயா? உன் கண்ணில் பட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஒட்டகம்


மே 2

இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான்காம் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டேன். திரும்பி வந்த பெண்களின் சம்பளம், கூட வந்த ஆண்களின் சம்பளம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, எல்லாவற்றையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ஒரு எண்கூடத் தவறில்லை. அச்சுக்குக் கொடுத்துவிடலாம். இதுபோல வீட்டிலிருந்து பார்த்துத் தருவது இதுவே கடைசி. இனி அலுவலக நேரத்தில், அலுவலக மேஜையில் பார்ப்பேன்.

வேலைக்கு வருகிறேன். வேண்டாம் என்று தூக்கி எறிந்தால் பார்க்க நன்றாக இருக்கும், இரண்டு நாள் அப்படித்தான் எழுதி எழுதிக் கிழித்தேன். ஆனால் எனக்கு அந்த வேலை தெரியும், பிடிக்கும், அதில் நான் கெட்டிக்காரி. பதினோரு வருஷம் காத்திருந்தது உங்கள் ஆணைக்காக அல்ல, அந்த வேலைக்காக. அத்தைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். நாங்கள் என்ன கொடுப்போம் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். அவள் கடைசியாக என்ன வாங்கினாள் என்று கேட்கவில்லை.

ஆணையை ஏற்றுக் கையெழுத்திட்ட நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். சம்பளம் குறித்த என் ஆட்சேபத்தைத் தனித்தாளில் எழுதி, நிர்வாகக் குழுவுக்கு நேராக அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் உள்ள பழக்கத்தை அதில் நானே முதல் வரியில் சொல்லிவிட்டேன். யாரும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. அதை விடப் பெரிதாக இருப்பது வருத்தம்தான். யாரிடம் போய் அழுவது என்று யோசித்தால் இத்தனை வருஷப் பழக்கத்தில் உங்கள் முகம்தான் முதலில் வருகிறது. அதுதான் தாங்கவில்லை.

இனி வீட்டு முகவரிக்குக் கடிதம் வேண்டாம். திங்கட்கிழமை காலை வந்துவிடுவேன். எல்லோர் முன்னாலும் உங்களை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். யாரும் இல்லாதபோதும் அப்படியே கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
முதுநிலை ஆய்வாளர்